செஞ்சி மலைகளின் வெளிப் பிராகாரம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவு சென்றதும், பாறைகளை அள்ளிக் குவித்தாற்போன்ற குன்றுகள் இருபுறமும் தோன்றத் தொடங்குகின்றன. அவற்றின் நடுவே அமைந்திருப்பது செஞ்சி. ஊரைக் கடந்து சற்றே மேற்கே சென்றால் சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி, அதற்கப்பால் சந்திரகிரி என மூன்று மலைகள் நிற்கின்றன. அம்மூன்றையும் மதிலால் பிணைத்துக் கட்டப்பட்டதே செஞ்சிக் கோட்டை.

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை; எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அதன்பின் வருவோரில் பெரும்பாலோர் தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்டு, கல்யாண மகாலைக் கண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். மலையின்மேல் தெய்வங்கள் எழுந்தருளியிருப்பதை அறிந்து வருவோர் சிலர். அத்தெய்வங்களின் மலைகளைச் சுற்றி ஒரு காடு இருப்பதையும், அந்தக் காடும் தரிசனத்தின் ஒரு பகுதியே என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். இக்கட்டுரை அந்தக் காட்டைப் பற்றியது.

அரணின் நான்கு அங்கங்கள்

அரண் என்பது மதில் மட்டும் அன்று. நீரும், வெட்டவெளியான நிலமும், மலையும், நிழல் செறிந்த காடும் சேர்ந்தே அரண் ஆகும் என்று திருக்குறளின் அரண் அதிகாரம் வகுத்துச் சொல்கிறது. செஞ்சியைப் போல இந்நான்கும் ஓரிடத்தில் பொருந்திய ஊரைத் தமிழகத்தில் காண்பது அரிது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் இக்கோட்டையைக் கைப்பற்ற முடிந்தது. எட்டாண்டுகள் ராஜாராமின் படையைக் காத்தவை கல்மதில்கள் மட்டுமல்ல. மலைமேல் வற்றாத சுனையும், அடிவாரத்தில் குளங்களும், ஏறுவதற்கரிய பாறைகளும், முட்செடிகள் அடர்ந்த காடும் கூடவே நின்று காத்தன.

இன்று போர் இல்லை. ஆயினும் அந்த நான்கு அங்கங்களும் தனித்தனியே காக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மலை: தெய்வங்களின் இருப்பிடம்

செஞ்சி என்னும் பெயரே செஞ்சியம்மன் பெயரால் வந்தது என்பது ஊர் மரபு. ஏழு கன்னியருள் ஒருத்தியாகவும் ஊர்க்காவல் தெய்வமாகவும் அவள் வணங்கப்படுகிறாள். ராஜகிரிக்கு முற்காலத்தில் கமலகிரி என்றொரு பெயரும் உண்டு. மலையேறும் வழியில் கோயில் கொண்டிருக்கும் கமலக்கண்ணியம்மனை இன்றும் சுற்றுவட்டார மக்கள் தங்கள் தாயாகவே கருதுகின்றனர். கன்னியம்மன் வழிபாட்டை உயிராகப் போற்றும் இருளர் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றன. எனவே இம்மலைகளின் முதல் உரிமை மன்னர்களுக்கு உரியதன்று. கன்னித் தெய்வங்களுக்கு உரியது என்றே சொல்ல வேண்டும்.

அம்மனைத் தரிசித்து மேலேறினால், ஆழ்ந்த பிளவு ஒன்றின்மேல் அமைந்த பாலத்தைக் கடந்து உச்சியை அடையலாம். அங்கே அரங்கநாதர் கோயில் உள்ளது. கிருஷ்ணகிரியிலும் அரங்கநாதருக்குக் கோயில் உண்டு. அடிவாரத்தில் நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயில் பரந்து நிற்கிறது. அதன் கோபுர வாயிலில் இராமாயணக் காட்சிகளும் திருமாலின் அவதாரங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அங்கிருந்த நெடிய கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்றும் அவை கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கின்றன.

செஞ்சிக்கு வடக்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் சிங்கவரம் உள்ளது. பல்லவர் காலக் குடைவரையில், ஒரே பாறையில் வடிக்கப்பட்ட அரங்கநாதர் ஏறத்தாழ 24 அடி நீளத்தில் சயனக் கோலத்தில் சேவை சாதிக்கிறார். தேசிங்கு போருக்கு விடை கேட்டபோது பெருமாள் விடை கொடுக்க மனமின்றித் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கதை வழங்குகிறது. 1714-இல் போர்க்களத்தில் தேசிங்கு மாண்டது வரலாறு.

செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரும் ஒரே பாறையில் வடிக்கப்பட்டுள்ளனர். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. மேலச்சேரி எனப்படும் பழைய செஞ்சியின் திரௌபதியம்மனையே ஆதி திரௌபதியாக அவளடியார்கள் போற்றுகின்றனர். சைவ, வைணவ, சாக்த, சமண நெறியினர் அனைவரும் இப்பாறைகளைத் தேடி வந்ததற்குக் காரணம் இங்கிருந்த தனிமை. அத்தனிமையைத் தந்தது காடு.

காடு: வெளிப் பிராகாரம்

செஞ்சிக் காடு மேற்கு மலைத்தொடரின் சோலையைப் போன்றதன்று. உசிலை, வெப்பாலை, ஆவாரை, காரை, சூரை, களா என வறட்சியைத் தாங்கும் மரஞ்செடிகளே இங்கு மிகுதி. சித்திரை, வைகாசி மாதங்களில் பார்த்தால் காய்ந்த புதர் போலவே தோன்றும். இரண்டு மழை பெய்துவிட்டால் பாறை இடுக்கெல்லாம் பசுமை. தென்மேற்கே பாக்கம் மலைப் பக்கம் சென்றால் இன்னும் அடர்ந்த காட்டைக் காணலாம்.

இக்காட்டின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு 1882. அவ்வாண்டில் இயற்றப்பட்ட சென்னை வனச் சட்டமே இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் என்னும் பெயரில் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் மலையடிவார மக்கள் ஆடுமாடு மேய்த்தும், விறகு பொறுக்கியும், தழை வெட்டியும் காட்டைப் பொதுவில் துய்த்து வந்தனர். சட்டம் வந்தபின் அரசு ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க விரும்பினால் அதை முதலில் அறிவிக்க வேண்டும். பின்னர் அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் ஊராரை அழைத்து விசாரிக்க வேண்டும். வழிநடை, மேய்ச்சல், வனப்பொருள், நீரோடை ஆகியவற்றில் யாருக்கேனும் உரிமை உண்டா என்று கேட்டு முடிவு செய்த பின்னரே எல்லை வகுக்கப்படும். காப்புக்காடாகிய பின் அங்கே தீ மூட்டுவதும், மரம் வெட்டுவதும், அனுமதியின்றி நுழைவதும், கால்நடை மேய்ப்பதும் குற்றம்.

இவ்விசாரணையில் வாய் திறந்து கேட்டவருக்கே உரிமை கிடைத்தது. எழுத்தறியாத ஏழைக்கும், காட்டில் வாழ்ந்த இருளருக்கும் அது எட்டாத காரியம். அக்குறையைப் போக்கவே 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டை நம்பி வாழும் பழங்குடியினருக்கும் பிறருக்கும் சிறுவனப்பொருள் சேகரிக்கும் உரிமையையும், ஊர் மக்கள் கூடித் தம் காட்டைப் பேணும் உரிமையையும் அது ஏற்கிறது.

இதற்கிடையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. மக்களை விலக்கிவைத்துக் காட்டைக் காக்க இயலாது என்பதை 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை ஏற்றுக்கொண்டது. தமிழகத்தில் 1997 முதல் ஜப்பானிய உதவியுடன் காடு வளர்ப்புத் திட்டம் நடைபெற்றபோது, காட்டோரச் சிற்றூர்களில் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. தேய்ந்த காடுகளில் மரம் நடுவதோடு தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் கட்டப்பட்டன. காவலரும் ஊராரும் கைகோத்தால் வறண்ட குன்றும் தழைக்கும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் சிங்கவரத்துப் பெருமாளைச் சேவித்துத் திரும்புகையில், அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காட்டுக்குள் ஆட்டை விடுவதில்லையா என்று கேட்டேன். "விடக் கூடாதுங்க ஐயா. கார்டு வந்தா அபராதம் போடுவாரு. அது கெடக்கட்டும், மலைமேல ஆத்தா இருக்கா. பச்சை மரத்தை வெட்டினா அவ முடியைப் புடிச்சு இழுத்த மாதிரின்னு எங்க பாட்டி சொல்லும்" என்றார். சட்டம் அபராதத்தைக் காட்டிக் காக்கிறது. பாட்டி அம்மனைக் காட்டிக் காத்தாள். இரண்டும் அவர் ஒருவர் வாய்மொழியில் அடுத்தடுத்து வந்தன.

நீர்: காடு ஈன்ற தீர்த்தம்

செஞ்சி வட்டாரக் குன்றுகளில் பெய்யும் மழைநீர் ஓடைகளாய்த் திரண்டு வராக நதி ஆகிறது. செஞ்சியாறு என்றும் சங்கராபரணி என்றும் பெயர் பெற்று, வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரிப் பகுதியில் பாய்ந்து கடலில் கலக்கிறது. வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சியில் கங்கைவராக நதீசுவரர் கோயில் கொண்டிருப்பது இந்நதியின் கரையில்தான். மாசி மகத்தன்று அங்கே நீராடுவோர் பல்லாயிரவர். 2023-இல் அங்கு நடைபெற்ற புஷ்கரணி விழாவில் நம் வாசகர்கள் பலரும் கலந்துகொண்டிருப்பீர்கள்.

திருக்காஞ்சியில் தலையில் தெளித்துக்கொண்ட அந்நீர் செஞ்சிக் காட்டிலிருந்து புறப்பட்டது. வெறும் பாறைமேல் விழும் மழை ஒரே பொழுதில் வழிந்து ஓடிவிடும். செடியும் சருகும் உள்ள சரிவில் விழும் மழையோ மண்ணில் இறங்கி, மெல்லக் கசிந்து, மழை நின்ற பின்னும் ஓடையை ஈரமாக வைத்திருக்கும். காடு தேய்ந்தால் நதியில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும். நதியைத் தாயென்று ஆரத்தி காட்டுகிறோம்; தாய் பிறந்த வீட்டை மறந்துவிடுகிறோம்.

கோட்டைக்குள் சக்கரக்குளத்தையும் செட்டிக்குளத்தையும் காண்போர், மலையில் வழியும் நீரை முன்னோர் எவ்வாறு தேக்கிவைத்தனர் என்பதை உணரலாம்.

மண்: யாருக்கும் உரிய நிலம்

நான்கு அங்கங்களில் இன்று மிகவும் காவலற்றுக் கிடப்பது இதுவே. மலையும் கோட்டையும் 1921 முதல் தேசியச் சின்னமாக மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. காப்புக்காட்டுக்கு வனத்துறை. கோயில்களுக்கு அறநிலையத் துறை. காட்டுக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் பொதுநிலத்துக்கு வருவாய்த் துறையும் ஊராட்சியும் பொறுப்பு. வங்கிப் பணியில் நிலப் பத்திரங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது விளங்குகிறது: பல பேர் பொறுப்பில் உள்ள சொத்தில், எல்லைக்கல் அருகே என்ன நடக்கிறது என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

புறம்போக்கு என்றால் ஒருவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பலர் எண்ணுகின்றனர். தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக ஊரின் பொதுப் பயனுக்கு விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சல் தரை, மந்தைவெளி, வண்டிப்பாதை, ஓடை, குளம், களம் என ஒவ்வொன்றும் கிராமக் கணக்கில் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல் தரை இருக்கும்வரை அவை காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஓடைப் புறம்போக்கு திறந்திருக்கும்வரை மலைநீர் குளத்தை அடையும். தரையை மடக்கிவிட்டால் மந்தை காட்டில் ஏறும்; ஓடையை மறித்துவிட்டால் குளம் வறளும். ஆகவே பொதுநிலம் போனால் காடும் போகும்.

ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊராரிடமே ஒப்படைக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏரிகளைக் காக்கத் தமிழகத்தில் 2007-இல் தனிச் சட்டமே வந்துள்ளது. சட்டங்களுக்குக் குறைவில்லை, கேட்பவர்தாம் குறைவு. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நாள்களில் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. ஊரின் புறம்போக்கு நிலங்கள் எவை, எவ்வளவு என்று அந்தச் சபையில் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பழைய மேய்ச்சல் தரை எதுவரை இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் நம் வயதினரே. அந்த நினைவு நம்மோடு போய்விடலாகாது.

ஐயனார் காத்த காடு

பொதுக்காட்டைப் பக்தியால் காத்ததற்குச் சான்று இதே விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரைப் பக்கம் உள்ளது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் செல்லும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர். அங்குள்ள மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சுற்றி வீரை, காசான், கருங்காலி போன்ற மரங்கள் கொண்ட கோயில் காடு உண்டு. ஒருகாலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகப் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டு அது. புதுச்சேரி ஆய்வாளர்கள் அதன் தாவரங்களைப் பட்டியலிட்டுப் படித்துள்ளனர். சுற்றிலும் எல்லாக் காடும் வயலாகவும் தோப்பாகவும் மாறிய பின்னும் இத்துண்டு பிழைத்ததற்குக் காரணம், ஐயனார் காட்டில் சுள்ளியும் ஒடிக்கலாகாது என்னும் கட்டுப்பாடு.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கோடரிக்குத் தப்பிய காட்டைக் கூட்டம் நலிவிக்கக்கூடும். குலதெய்வ வழிபாட்டுக்கு வருவோர் மரத்தடியில் அடுப்பு மூட்டுவதும், இலையும் பையும் எறிந்து செல்வதும், வண்டி நிறுத்தப் புதரை மிதிப்பதும் எந்தக் கோயில் காட்டையும் சிறுகச் சிறுகத் தேய்ப்பவை. முன்னோர் அச்சத்தால் விட்டுவைத்ததை நாம் அன்பின் மிகுதியால் அழித்துவிடக் கூடாது. செஞ்சிக்கும் இது பொருந்தும். உலகப் புகழ் வந்தபின் கூட்டம் பெருகவே செய்யும்.

செல்வோர் கவனத்துக்கு

கோயில் பிராகாரத்தில் எச்சில் உமிழ மாட்டோம். செருப்பணிந்து நடக்க மாட்டோம். செஞ்சிக் காட்டைக் கமலக்கண்ணியம்மனின் வெளிப் பிராகாரமாகக் கருதினால் நடக்க வேண்டிய முறை தானே விளங்கிவிடும்.

கோடை மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு தீப்பொறி போதும். கற்பூரமும் விளக்கும் சந்நிதியில் மட்டுமே ஏற்றுங்கள். வழியிலுள்ள மரத்தடியிலும் பாறையிலும் வேண்டா. அணையாத ஊதுவத்தியைச் செருகிவிட்டு வராதீர்கள். குடிநீர்ப் புட்டியையும் பிரசாதப் பையையும் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். குரங்குகளுக்கு உணவிடுவது அனுமனுக்குச் செய்யும் தொண்டு என்று சிலர் எண்ணுகின்றனர். கையில் வாங்கித் தின்னப் பழகிய குரங்கு காட்டுக் கனியைத் தேடாது. அது தின்று விதை பரப்பினால்தான் காடு வளரும். இருக்கும் பாதையிலேயே நடங்கள். காப்புக்காட்டுக்குள் செல்ல விரும்பினால் வனத்துறையின் அனுமதி பெறுவது கட்டாயம்.

பருவத்தில் சாலையோரம் சீத்தாப்பழம் விற்போரைக் காணலாம். பேரம் பேசாமல் வாங்குங்கள். காட்டால் பிழைப்பவர்க்குக் காட்டைக் காக்கும் எண்ணம் தானே வரும்.

ராஜகிரியின் படிகள் செங்குத்தானவை. ஏறத்தாழ 800 அடி உயரம். மூட்டு வலியோ இதய நோயோ உள்ள பெரியவர்கள் ஏற முயல வேண்டா. அடிவாரத்தில் வேங்கடரமணர் கோயிலையும் கல்யாண மகாலையும் குளங்களையும் நிதானமாகக் காணலாம்; அங்கிருந்தே மலையை நோக்கி அம்மனைக் கைகூப்பலாம். ஏறக்கூடிய இளையோர் காலையிலேயே புறப்பட்டு வெயிலுக்கு முன் இறங்கிவிடுவது நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும். மார்கழியும் தையும் உகந்த காலம். திருவண்ணாமலை இங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருப்பதால் கிரிவலம் செல்வோர் வழியிலேயே செஞ்சியையும் சிங்கவரத்தையும் தரிசித்துச் செல்லலாம்.

பேரன் பேத்தியரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தேசிங்கின் குதிரைக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பிக் கேட்பார்கள். அதோடு அந்த மலைச்சரிவைக் காட்டி, அங்கே பெய்யும் மழைதான் திருக்காஞ்சியில் தீர்த்தமாகிறது என்றும் சொல்லிவையுங்கள். கமலக்கண்ணியம்மன் அருளால் காடும் நீரும் குறைவின்றி நிலைக்கட்டும்.